ஒரே பாஸ்வேர்டு

"என்னங்க, கம்ப்யூட்டரைத் தொட்டீங்களா? கறுப்பா நிக்குது, உள்ளேயே போக மாட்டேங்குது!"

குளியலறையில் பாதிச் சவரத்தோடு நின்றிருந்தவர், மனைவியின் குரல் கேட்டதும் ரேசரைக் கீழே வைத்தார்.

"நானா? நான் ஏன் தொடப் போறேன்?" என்றார் நுரைக்குள்ளிருந்து.

தொட்டிருந்தார். நன்றாகவே தொட்டிருந்தார். காலையில் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, அதே கம்ப்யூட்டரில் இரண்டாவதாக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றியிருந்தார். வீட்டுக்குத் தெரிந்து ஒன்று, தனக்கு மட்டும் தெரிந்து ஒன்று. எல்லாம் அந்தப் பாழாய்ப்போன சீட்டாட்டத்துக்காக!

இணையத்தில் சீட்டாடிச் சோறு தண்ணி மறந்து கிடந்தவர், இனித் தொடுவதில்லை என்று மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தார். "இன்னொரு தடவை பார்த்தேன், நானும் பொண்ணும் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவோம்" என்று அன்றைக்கு அவள் சொன்னது சும்மா மிரட்டல் இல்லை. கம்ப்யூட்டருக்கு இனி ஒரே பாஸ்வேர்டு என்று தீர்மானம் போட்டதும் அவள்தான். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள எதுக்குங்க ஒளிவு மறைவு?"

அவர் கெட்ட நேரம், டிஸ்கில் இடமே இல்லை. வாங்கும்போது இருந்ததில் பாதியைக் காணோம். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று முன்பே ஒருமுறை சண்டைக்குக் கிளம்பியவரை, "விடுங்க, பாவம்" என்று அவள்தான் தடுத்துவிட்டாள். இருந்த இடத்தில் எப்படியோ நெருக்கித் தள்ளி ஏற்றி முடித்தார். அணைத்துப் போட்டால் புதுசும் வரவில்லை, பழசும் வரவில்லை. ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ, சாயங்காலம் ஆபீஸ் மீட்டிங் இருக்கே! இருங்க, நமக்கு வழக்கமா வர்ற சர்வீஸ்காரரைக் கூப்பிடறேன்."

சர்வீஸ்காரர் பையோடு வந்து உட்கார்ந்தார். அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றாள்.

"தம்பி, எதையும் அழிச்சிடாதீங்க. இருந்ததெல்லாம் இருந்தபடியே வரணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஆபீஸ் வேலையை நினைத்து இப்படித் தவிக்கிறாளே என்று அவருக்கு மனசு உறுத்தியது. ஆனால் இவள் இங்கேயே நின்றால் குட்டு உடைந்துவிடுமே!

"தம்பிக்கு ஒரு டீ போட்டுக் கொடேன்மா."

"போன தடவை சார் போட்ட டீ பிரமாதம்" என்றார் சர்வீஸ்காரர்.

"இன்னிக்கு அக்கா கையால குடிங்க!" என்று சிரித்து மழுப்பி, அவளைச் சமையலறைக்கு அனுப்பினார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

சர்வீஸ்காரர் பென் டிரைவைச் செருகிக் கொஞ்ச நேரம் தட்டினார். "புதுசா ஒண்ணு ஏத்தியிருக்கீங்க போல. பூட் ஆகறப்ப எங்கே போகணும்னு கம்ப்யூட்டருக்கு வழி காட்டற இடத்தையே கலைச்சுட்டீங்க சார். அது தெரு முனையில முழிச்சுக்கிட்டு நிக்குது."

"சத்தமாச் சொல்லாதீங்க!" அவர் குனிந்து கிசுகிசுத்தார். "எப்படியாவது சரி பண்ணிடுங்க. ஆனா என்னோடது வெளியே தெரியக் கூடாது. அவளுக்குத் தெரிஞ்சா குடும்பம் போச்சு."

"பயப்படாதீங்க. ஒரு பட்டனை அழுத்தினாத்தான் வர்ற மாதிரி மறைச்சிடலாம். பண்ணிப் பழக்கம்தான்."

"நீங்க நல்லா இருப்பீங்க தம்பி!"

"முதல்ல எல்லாம் வருதான்னு பார்த்துடுவோம்" என்று சொல்லி அணைத்துப் போட்டார். கறுப்பு விலகியது. எதைத் திறக்கலாம் என்று கேட்டுத் திரையில் வரிகள் எழுந்தன. அப்பாடா என்று மூச்சு விட்டவர், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். மூன்று வரிகள். ஒன்று வீட்டுக்கானது. அடுத்தது காலையில் அவர் ஏற்றியது.

"நான் ஒண்ணுதானே போட்டேன்! இந்த மூணாவது எது?"

குரல் உயர்ந்துவிட்டது. சமையலறையில் கேட்டுக்கொண்டிருந்த டம்ளர் சத்தம் சட்டென்று நின்றது.

சர்வீஸ்காரர் பதறிப்போய் அவர் காதருகே குனிந்தார். "மெதுவாப் பேசுங்க சார்! போன தடவை உங்களை டீ போட அனுப்பிட்டு, அக்கா போடச் சொன்னது. அவருக்குத் தெரிஞ்சா குடும்பம் போச்சுன்னாங்க."