எழுபத்திரண்டு போக

எடை மேடையில் ஏற மாட்டேன் என்று துரை மறுத்துவிட்டது.

டாக்டரம்மா பிஸ்கட்டைக் காட்டிப் பார்த்தார். பின்னாலிருந்து தள்ளியும் பார்த்தார். இடுப்பு உயரம் நிற்கும் மந்தைக் காவல் நாயைத் தள்ளுவதும் சுவரைத் தள்ளுவதும் ஒன்றுதான். துரை குரைக்கவில்லை, உறுமவில்லை. இந்த அம்மாவுக்கு வேறு வேலை இல்லையா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்ததோடு சரி. அந்தப் பவிசுக்காகத்தான் அதற்குத் துரை என்று பெயரே வைத்தது.

தான் ஏறினால்தான் அது ஏறும் என்று சொல்லிவிட்டு ஆட்டுக்காரர் செருப்பைக் கழற்றி வைத்து மேடையில் ஏறினார். துரையும் ஏறி அவர் காலோடு ஒட்டி நின்றது.

நூற்றுப் பதின்மூன்று கிலோ.

"இதுல எழுபத்திரண்டு நான். அது போக மீதி நாப்பத்தொண்ணு, டாக்டரம்மா."

வீட்டிலும் இப்படித்தான். தீவன மூட்டை நிறுக்கிற மேடையில் மாதம் ஒருமுறை இரண்டு பேரும் ஏறுவார்கள். எண்ணைப் படிப்பதும் கழிப்பதும் அவர் மனைவியின் வேலை. எழுபத்திரண்டு போக உங்கள் துரை ஐம்பத்திநாலு என்று, பரீட்சை முடிவு சொல்கிற மாதிரி சத்தமாகச் சொல்வாள். போன வருடம் அவள் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அவரே ஏறி, அவரே குனிந்து படித்து, அவரே கழித்துக்கொண்டார்.

ஐம்பத்திநாலு ஐம்பத்தொன்று ஆனது. பிறகு நாற்பத்தேழு.

இத்தனை பெரிய ஆண் நாய் ஐம்பதுக்குக் கீழே போனால் ஆபத்து என்று அவருக்குத் தெரியும். கண்ணால் பார்த்துச் சொல்லவும் வழியில்லை. அடர்த்தியான ரோமம், உள்ளே எலும்பும் தோலுமாக இருந்தாலும் வெளியே ராஜா மாதிரிதான் தெரியும்.

அவர் தன் தட்டில் இருந்த முட்டையைத் துரைக்கு வைத்தார். அடுத்த மாதம் இறைச்சியை வைத்தார். அப்புறம் தட்டையே நகர்த்தி வைத்துவிட்டார். துரையோ அவசரமே இல்லாமல் தின்றது. அந்த உடம்புக்கு அது தின்பது கொஞ்சம்தான். மிச்சத்தைக் கோழிகள் கொத்தின.

டாக்டரம்மா மண்டியிட்டு, ரோமத்துக்குள் இரண்டு கைகளையும் விட்டு விலா எலும்பைத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார்.

ஆட்டுக்காரர் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படிப்பதுபோல் நின்றார். ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை. இதுவும் போய்விட்டால் காலையில் எழுந்து யாரிடம் ஒரு வார்த்தை பேசுவது என்ற ஒரே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயா, நீங்க மட்டும் ஒரு தடவை ஏறுங்க."

எதற்கென்று விளங்கவில்லை. ஏறினார். துரையும் கூடவே ஏறப் பார்த்தது. அவர் கையைக் காட்டியதும் கீழேயே நின்றுகொண்டது.

ஐம்பத்தேழு.

மெஷின் கோளாறு போலிருக்கிறது என்றார் அவர். இறங்கி மறுபடி ஏறினார். அதே ஐம்பத்தேழு.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. துரை ஐம்பத்தாறு கிலோ, நல்ல வாட்டசாட்டமாக இருக்கிறது, சொல்லப்போனால் தீனியைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றார். நாயைப் பார்ப்பதை விட்டுவிட்டு இப்போது அவரையே பார்த்தார். சட்டைக்குள் அவர் தோள் இருந்த இருப்பைப் பார்த்தார்.

பிறகு, துரையின் நடவடிக்கையில் வேறு ஏதாவது மாற்றம் உண்டா என்று மெதுவாகக் கேட்டார்.

ஒன்று உண்டு. அதைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மந்தையை விட்டுவிட்டு வருகிற காவல் நாய் எதற்கும் லாயக்கில்லை என்று யாராவது சொல்லிவிட்டால்? அதைவிட, வெளியே சொல்லவே கூச்சமான விஷயம், அறையில் இன்னொரு மூச்சுச் சத்தம் கேட்பது அவருக்குப் பிடித்திருந்தது.

"ரெண்டு மாசமா ஆடுங்களோட படுக்க மாட்டேங்குது. என் கட்டில் பக்கத்துலயே வந்து..."

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பட்டியில் எந்த ஆட்டுக்கு முடியவில்லையோ அதன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வது துரையின் வழக்கம். தினமும் விடிந்ததும் அது எங்கே படுத்திருக்கிறது என்று பார்த்து, அந்த ஆட்டைத்தான் அவர் முதலில் தனியாகப் பிரித்துக் கட்டுவார்.