பவுரோ கேட்ட கிழங்கு

அன்று மாலை அந்த வீட்டில் இருந்தவர்கள் நால்வர்: டெகாய், அவர் மனைவி தெரெங்கா, அவளுடைய அண்ணன் பவுரோ, ஊர்ச் சபையிலிருந்து வந்த கபுரி.

"நாளை சபை விருந்துக்கு முதல் பபாய்க் கிழங்கு உங்க வீட்டுதுதானே?" என்றார் கபுரி. "மூணு தலைமுறையா வைக்கிறீங்க. கடை அரிசியத் தூக்கிட்டு வந்து மானத்த வாங்கிடாதீங்க!"

டெகாய் வாய் திறப்பதற்குள் பவுரோ முந்திக்கொண்டார். "மச்சான், புபுசி! உன் குழியில விளைஞ்சிருக்கிற பெரிய கிழங்கு எனக்கு வேணும்."

புபுசி என்று சொல்லி உறவுக்காரன் கேட்டுவிட்டால் தீவில் யாரும் மறுக்க முடியாது.

"எடுத்துக்கோ" என்றார் டெகாய் களைத்த குரலில்.

"கேட்டதும் குடுத்த வீடு. இனி நீங்க அரிசியோட வந்தாலும் மரியாதை குறையாது" என்று சொல்லிக் கபுரி எழுந்து போனார்.

"அண்ணே, வெக்கமா இல்ல? உன் குழியில விளையாத கிழங்கா?" என்று தெரெங்கா சீறினாள். பவுரோ சிரித்தபடி நடையைக் கட்டினார்.

கணவர் அவளைக் குழிப் பக்கம் விட்டு நாளாயிற்று. கோபத்தில் இன்று ஓடிப்போய்ப் பார்த்தாள். குழி நிறையக் கடல்நீர். ஒரு கிழங்கு மிச்சமில்லாமல் அழுகிக் கிடந்தது.

"மூணு மாசமா உப்புத் தண்ணிய இறைச்சேன். முடியல" என்றார் பின்னால் வந்த டெகாய்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"நேத்து வந்து பார்த்தான். ஒண்ணும் பேசாமப் போயிட்டான்."

மறுநாள் பவுரோ சபையில் வைத்த ஆளுயரக் கிழங்கு டெகாயின் குழியில் விளைந்தது என்று ஊர் இன்றும் சொல்கிறது. அது உண்மையல்ல. அது பவுரோவின் குழியில் விளைந்தது.