சந்தை நாள் விளக்கு

ஜெயமணியின் காரில், வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பின் மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிந்தது.

"வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிய தாண்டுனா எரியுதுங்கண்ணா," என்றாள் அலுப்போடு.

ஓசூர் மெக்கானிக் சிவராஜும் அலுத்துப்போயிருந்தான். போன வாரம்தான் ஸ்டியரிங் சென்சாரையே புதிதாக மாற்றியிருந்தான்.

இன்றும் வெள்ளிக்கிழமை. ஸ்டியரிங்கை நேராக வைத்துவிட்டு, இருவரும் வெளியே நின்று ஸ்கேனரைப் பார்த்தார்கள். ஸ்டியரிங் இடப்பக்கம் பல டிகிரி திரும்பியிருப்பதாகவே அது காட்டியது.

"அங்க லெப்ட்ல என்னம்மா இருக்குது?"

"வெள்ளிக்கிழமை சந்தைங்க. எங்க வூட்டுக்காரரு வாராவாரம் திரும்பிருவாரு. அவரு தவறுனப்புறம் எனக்கு எங்க நேரம்?"

சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகக் குனிந்தாள். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னாள்.

"சரி, வாங்க. இன்னிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

ஸ்கேனரில் எண் மெல்ல இறங்கிப் பூஜ்யமானது. விளக்கு அணைந்தது. சிவராஜ் மூச்சு விடுவதற்குள், பக்கத்து சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்தத் தொடங்கியது.

ஜெயமணி எட்டி அந்த பெல்ட்டை இழுத்து மாட்டினாள். சத்தம் நின்றது.

பெல்ட் காலி சீட்டில் படியவில்லை. ஒரு தொப்பை அளவுக்கு முன்னால் புடைத்து நின்றது.