பன்னிரண்டு துப்பாக்கியும் ஓர் அண்டாவும்

"மிஸ்டர் சக்கரபாணி, நீங்க பர்மாவுல சண்டை போட்டவராச்சே! துப்பாக்கி வகுப்பை நீங்கதான் எடுக்கணும்" என்றார் செக்யூரிட்டி ஆபீசர் சிவப்பிரகாசம்.

சீனச் சண்டை முடிந்த மறு வருஷம். நெய்வேலியில் ஊர்க்காவலுக்கு ஆள் சேர்த்திருந்தார்கள். அவர்களுக்கென்று பன்னிரண்டு பழைய மிலிட்டரி துப்பாக்கிகள் பெட்டியில் வந்து இறங்கின. ஒன்றுகூட வேலை செய்யாது. பன்னிரண்டு பேர் ஒர்க் ஷாப்பில் கூடி, ஆளுக்கொன்றாகப் பிரித்து, துடைத்து, திரும்ப மாட்ட வேண்டும். தேறியவர்களில் ஒருவருக்கு ஆயுத அறையில் பர்மனென்ட் வேலை.

சக்கரபாணி பர்மாவுக்குப் போனது நிஜம்தான். ஆனால் அங்கே அவர் பிடித்த ஒரே ஆயுதம் கரண்டி. நாலு வருஷமும் சமையல் கொட்டகை. ஊருக்கு வந்தபின் கேன்டீன் அரட்டையில் டீ ஆறுவதற்குள் இரண்டு ஜப்பான்காரனைச் சுடுவது வழக்கமாகிவிட்டது. இப்போது பின்வாங்கினால் டவுன்ஷிப்பே சிரிக்கும்.

உண்மை தெரிந்த ஒரே ஆள் மனைவி செங்கமலம்.

"கரண்டியை மறக்காம எடுத்துக்கினு போங்க" என்று வழியனுப்பி வைத்தாள்.

முதல் நாள். சக்கரபாணி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எல்லாரும் பின்கட்டையைத் திருகிக் கழட்டுங்க!" என்றார், குத்துமதிப்பாக.

ஒரு கை உயர்ந்தது. கொளஞ்சியப்பன். கம்மாபுரத்துக்காரர், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். சக்கரபாணி வயசுதான் இருக்கும்.

"சார், தெரியாமத்தான் கேக்கறேன். முன்கட்டையை எடுக்காம பின்கட்டையைத் திருப்பினா மரம் பொளந்துக்குமோங்க?"

"பின்னே பொளக்காதா? நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள உனக்கு என்ன அவசரம்? எல்லாரும் முதல்ல முன்கட்டை!"

வகுப்பு சிரித்தது. சக்கரபாணி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பாகங்கள் எல்லாம் பழைய கிரீஸ் பிசுக்கு. பிசுக்கு என்றதும் அவருக்கு உயிர் வந்தது. கேன்டீனிலிருந்து ஓர் அண்டாவை வரவழைத்து, அடுப்பு மூட்டி, தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் பன்னிரண்டு துப்பாக்கியின் இரும்பையும் சாம்பாருக்குக் காய் போடுகிற மாதிரி ஒன்றாகக் கொட்டிக் கிளறினார். அந்த ஒரு மணி நேரம்தான் அவர் நிஜமான வாத்தியார்.

வெளியே எடுத்துக் கொட்டியதும் மறுபடி அதே கை.

"சார், குண்டை உள்ளே தள்ளுற இந்த போல்ட்டுல ஒரு நம்பர் வெட்டியிருக்கு. துப்பாக்கி ஒடம்புலயும் நம்பர் இருக்கு. ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் மாட்டணுமோங்க? மாத்திப் போட்டா சுடறவன் மூஞ்சியிலயே வெடிச்சுடுமோ?"

சக்கரபாணி திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு போல்ட்டும் ஒரே குவியலில் கிடந்தன.

"அதைக் கண்டுபிடிக்கிறீங்களான்னு பார்க்கத்தானே கலந்து போட்டேன்!" என்றார். "தேடுங்க, தேடுங்க!"

ஆறு வாரமும் இதே கதை. ஒவ்வொரு திருகுக்கும் கொளஞ்சியப்பனுக்கு ஒரு சந்தேகம் வரும். சக்கரபாணி ஒரு திட்டுத் திட்டிவிட்டு, கேட்டதையே பதிலாகத் திருப்பிச் சொல்வார். போகப்போக, இதெல்லாம் தனக்கு முன்பே தெரியும் என்று அவரே நம்பிவிட்டார்.

கடைசி நாள் பன்னிரண்டு துப்பாக்கியும் சொன்னபடி கேட்டன. சிவப்பிரகாசம் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதம்! சரி, இதுல தேறாத கேஸ் யாராவது உண்டா?"

"ஒருத்தர்தான் சார். கொளஞ்சியப்பன். எதுக்கெடுத்தாலும் கேள்வி. ஆயுத அறைக்கு லாயக்கில்லை."

"அப்படியா? விண்ணப்பக் கட்டை நான் இன்னும் அவிழ்க்கவே இல்லை. அவர் விண்ணப்பத்துல நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க."

சக்கரபாணி பேனாவைத் திறந்துகொண்டு விண்ணப்பத்தைப் புரட்டினார். பின்னால் பட்டாளத்திலிருந்து விடுவித்த காகிதம் ஒன்று குத்தியிருந்தது. பர்மா முனை. எட்டு வருஷ சர்வீஸ். வேலை: துப்பாக்கி பழுது பார்ப்பவர்.

பேனாவை மூடினார். கால் தானாக ஒர்க் ஷாப்புக்கு நடந்தது. கொளஞ்சியப்பன் தனியாக அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க என்கிட்ட சொல்லலை?" ஆறு வாரத்தில் முதல் தடவையாகக் கொளஞ்சியப்பனிடம் சக்கரபாணியின் வாயில் 'ங்க' வந்தது.

கொளஞ்சியப்பன் அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். "சொன்னா ஒங்களை நாலு பேரு கேலி பண்ணுவாங்களே சார்."

"நான் யாருன்னு தெரியுமா?"

"மொத நாளே தெரிஞ்சிபோச்சுங்க. அண்டாவுல போட்டுக் கிளறினீங்களே, அந்தக் கை மறக்குமா?"

சக்கரபாணிக்குக் கண் கலங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. இவர் வேலைக்கல்லவா உலை வைக்கப் பார்த்தோம்!

"இப்பவே ஆபீசர்கிட்ட போறேன். நான் வெறும் சமையக்காரன், வகுப்பு எடுத்தது நீங்கதான்னு சொல்லிடறேன்."

"சமையக்காரன்னு சொல்றதுல இன்னா சார் வெக்கம்?" கொளஞ்சியப்பன் அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தார். "பர்மாவுல நாலு நாளு சோறில்லாம மழையில பள்ளத்துல கெடந்தோம். அஞ்சாம் நாளு குண்டு வுழுந்துக்கினு இருக்கும்போது, தலையில வாளியத் தூக்கிக்கினு கஞ்சி கொண்டாந்தது நீங்கதானுங்க."