மஞ்சள் தூசி

கார்லாவின் கம்ப்யூட்டர் ஒரு வாரமாகச் சூடேறித் தானாகவே அணைந்துகொண்டிருந்தது. அவள் தம்பி டுவைன் வந்து பெட்டியைத் திறந்தான். காற்றை உள்ளே இழுக்கும் முன்பக்க விசிறியில் மஞ்சள் தூசி பிசின்போல் அப்பியிருந்தது.

"இது சிகரெட் கறை. இந்த வீட்ல யாரு புகைக்கிறது?"

சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று மனைவி கார்லாவுக்குச் சத்தியம் செய்தவன் வெர்னன். அவள் முகம் வெளுத்திருந்தது. அவள் கத்தினாலாவது தேவலை.

"கார்லா, மன்னிச்சிடு. நான்தான். ஆனா கராஜ்ல மட்டும்தான். வீட்டுக்குள்ள ஒரு தடவைகூடப் பத்த வெச்சதில்ல!"

டுவைன் சிரித்தான். "கராஜ் புகை மாடியேறி வந்து இப்படி அப்புமா, மச்சான்? இது முன்னாடியே உக்காந்து தினம் ஊதினாத்தான் இவ்வளவு படியும்."

"டுவைன், அதை மூடு!" என்றாள் கார்லா.

வெர்னன் அறையைச் சுற்றிப் பார்த்தான். அது கார்லா தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஆபீஸ் வேலை பார்க்கும் அறை. அவன் தட்டினால் கதவு திறக்க நேரமாகும். உள்ளே போனால், வின்னிபெக் நகரின் உறைபனியிலும் ஜன்னல் விரியத் திறந்திருக்கும்.

கேட்டால், "கம்ப்யூட்டர் சூடாகுதுல்ல?" என்பாள்.