தண்ணி மெஷின்காரி

"தண்ணி மெஷின் எல்லாம் எங்களுக்கு வேணாம்லா. தவணை ஏழு மாசமா? சரி சரி. வெயில்ல ரொம்ப அலையாத," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள் பஞ்சாலை.

நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்த அவள் புருஷன் நல்லசாமி, யார் அது என்று கேட்டார். தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கிற பெண் என்றாள். அவர் வேறு எதுவும் கேட்காமல் பேப்பரைப் புரட்டினார்.

பேசியது அவர்கள் மகள் ஷாமினி. ஏழு மாசம் என்பது அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். பஞ்சாலை இரண்டு வருஷமாகத் தினம் ஒரு பூசணிக்காயை மறைத்துக்கொண்டிருந்தாள்.

சிரம்பானுக்குப் பக்கத்தில் மம்பாவில் கார் பட்டறை வைத்திருக்கும் ஆரோனை ஷாமினி தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்ட அன்றே, இனி அவள் பேச்சு இந்த வீட்டில் கூடாது என்று நல்லசாமி சொல்லிவிட்டார். வீட்டில் இருந்த ஒரே கைப்பேசியும் அவர் சட்டைப் பையில் கிடந்தது. பஞ்சாலைக்கு மிஞ்சியது இந்தப் பழைய வீட்டு போன்தான்.

அதுவும் சும்மா கிடந்தால்தானே. கடன் அட்டை வேண்டுமா, இன்சூரன்ஸ் போடுகிறீர்களா, உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று பொழுதுக்கும் யாராவது உயிரை வாங்குவார்கள். பக்கத்து வீட்டு முனியாண்டி, மணி அடித்தால் எடுக்காமலே விட்டுவிடுவார். பஞ்சாலையால் அப்படி விட முடியவில்லை. எந்த மணி மகளுடையது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அடுப்பில் குழம்பு கொதித்தாலும், முதுகில் சோப்பு நுரை இருந்தாலும் ஓடிப்போய் எடுப்பாள். எடுத்தால் இன்சூரன்ஸ்காரன். அலுத்துப்போய் வைத்துவிட்டு அடுத்த மணிக்கும் ஓடுவாள். போனைக் கண்டாலே காலெல்லாம் வலித்தது அவளுக்கு.

இப்போது அவளை அரித்த கவலை வேறு. தலைப்பிரசவத்துக்கு மகளைத் தாய் வீட்டுக்கு அழைத்துக்கொள்ள வேண்டும். பெற்றவர்கள் நேரில் போய்க் கூப்பிட்டால்தான் மரியாதை. ஷாமினி வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அங்கே பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள மாமியாரும் இல்லை என்பதை நினைத்தால் பஞ்சாலைக்குச் சோறு இறங்குவதில்லை. அதைப் புருஷனிடம் கேட்கவோ நாக்கு எழவில்லை.

அன்று மத்தியானம் போன் விடாமல் அடித்தது. கடைசியாக வந்ததை நல்லசாமியே எடுத்தார். வேண்டாம் என்று மலாய் மொழியில் சொல்லி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"போதும். நாளைக்கு சிரம்பான் போயி இந்த லைனையே வெட்டிட்டு வந்துடுறேன்," என்றார்.

பஞ்சாலை அவர் பின்னாலேயே போனாள். பழைய நம்பர், சொந்தக்காரர்கள் எல்லாரும் இதில்தான் கூப்பிடுவார்கள் என்று சொல்லிப் பார்த்தாள். விற்கிறவர்களின் நம்பரை மட்டும் தடுக்க வழி இருக்கிறதாம், இதற்காக அவ்வளவு தூரம் அலைய வேண்டாம், இங்கே கெமாஸிலேயே விசாரிக்கலாம் என்றும் கெஞ்சினாள். எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

விடிந்ததும் நல்லசாமி கல்யாணங்களுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரினார். லைன் வெட்டப் போகிற மனுஷனுக்கு இந்தக் கோலம் ஒரு கேடா என்று பஞ்சாலை மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு செம்பனை மரங்களுக்கு நடுவே அவர் ரயிலடிக்குப் போனார்.

வேலையெல்லாம் முடித்துவிட்டுப் பஞ்சாலை மகளுக்குப் போன் அடித்தாள். விஷயத்தைச் சொல்லி, இனி எப்படிப் பேசுவது என்று யோசனை கேட்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஷாமினி எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள், அப்போதும் எடுக்கவில்லை.

சாப்பிடப் பிடிக்காமல் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒருதரம் மணி அடித்தது. பதறி எடுத்தால், கடன் அட்டை வேண்டுமா என்று ஒரு பெண் குரல். அந்தப் பெண்ணைத் திட்டக்கூடப் பஞ்சாலைக்குத் தெம்பில்லை. யார் பெற்ற பிள்ளையோ, அவளும் பிழைப்புக்குத்தானே பேசுகிறாள் என்று வைத்துவிட்டாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் நல்லசாமி திரும்பி வந்தார். வெட்டியாகிவிட்டதா என்று கேட்டாள். எழுதிக் கொடுத்துவிட்டேன், வெட்டிவிடுவார்கள் என்றார்.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. இரண்டு வருஷம் ஓடிய ஓட்டத்தின் களைப்பெல்லாம் சேர்ந்து வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது தண்ணி மெஷின்காரி இல்லீங்க, நம்ம ஷாமினி. என் புள்ள குரல நான் கேக்கறதுக்கு இருந்ததே அந்த ஒண்ணுதான். அதையும் வெட்டிட்டு வந்து நிக்கிறீங்களே," என்று அழுதாள்.

நல்லசாமி கோபப்படவில்லை. ரயிலில் போய் வந்த அசதியோடு அவள் எதிரே மெதுவாக உட்கார்ந்தார்.

"எனக்கும் காது இருக்கு பஞ்சாலை," என்றார். "மம்பாவ் போயி நேர்ல கூப்பிட்டுட்டுத்தான் வரேன். தலைப்பிரசவத்துக்கு அவளே இங்க வரப்போறா, அப்புறம் போன் எதுக்கு?"