மின்னல் போன வழி

மகள் ஏஸ்தெல் போன் செய்து மூன்று வாரம் ஆகிவிட்டது.

கருவடிக்குப்பம் வீட்டில் அவள் அப்பா க்சாவியே கம்ப்யூட்டருக்கும் லேண்ட்லைன் போனுக்கும் நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு விமானம். அதன்மேல் மின்னல் விழுந்தால் எந்தக் கம்பியில் எவ்வளவு மின்சாரம் பாயும், எந்தக் கருவி கெடும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவர் தொழில்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது என்று பாரீஸிலிருந்து மகள் சொன்னதும், "அப்ப வரவே வேணாம்!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தவர் அவர்தான். இருந்தாலும் சின்னவள்தானே இறங்கி வர வேண்டும்? அன்று இரவு நல்ல மழை, இடி. அந்தச் சத்தத்திலும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். போன் அடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. மகளுக்கே அவ்வளவு வீம்பு என்றால், பெற்றவனுக்கு இருக்காதா?

யாரோ கதவைத் தட்டினார்கள். எதிர்வீட்டுத் தனக்கொடி.

"சார், உங்க பொண்ணு எங்க வீட்டு லைன்ல இருக்குது. தெனமும் உங்களுக்குப் போன் போடுதாம். ரிங் போய்க்கினே இருக்குதாம், நீங்க எடுக்கவே மாட்டேன்றீங்களாம். பப்பாவுக்கு இன்னும் கோவமான்னு கேட்டு அழுவுது."

"இங்க மணியே அடிக்கலையேம்மா!"

"எப்படி அடிக்கும்? அன்னிக்கு உழுந்த இடியில தெருவுல எல்லார் போனும் செத்துப்போச்சே. எங்களுது நேத்துதான் சரியாச்சு."

க்சாவியே ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

தனக்கொடி அவரையே பார்த்தாள்.

"மூணு வாரமா நீங்க ஒரு தடவகூட எடுத்துப் பாக்கலையா, சார்?"